பன்றி வளர்ப்போர் கேட்டவை: திருகோணமலை

மிருக வைத்தியத் துறையில் வேலை செய்த காலம் முழுக்கப் பன்றிக் கொட்டில்களோடுதான் என் பொழுது போனது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பன்றியைப் பற்றி மட்டும்.

பாலையூற்று: ஐயா, குட்டிகள் பிறக்கும்போது கொழுகொழுவென்று இருந்தன. மூன்றாம் கிழமை எல்லாம் வெளிறிப் போய்விட்டன. இருப்பதில் பெரிய குட்டிதான் முதலில் செத்தது. பால் போதவில்லையா?

பால் போதும் தம்பி, பாலில் உள்ள இரும்புச்சத்துதான் போதாது. பிறக்கும்போது குட்டியின் உடம்பில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். வளர்வதற்கு ஒரு நாளைக்கு 7 மில்லிகிராமாவது வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம் அளவுதான். ஒரு கிழமையில் கையிருப்பு தீர்ந்துவிடும். பெரிய குட்டி வேகமாக வளர்வதால் அதற்குத்தான் இரத்தம் அதிகம் தேவை, அதனால்தான் அது முதலில் விழுகிறது. காட்டில் என்றால் குட்டி மண்ணைக் கிண்டி இரும்பை எடுத்துக்கொள்ளும். சீமெந்துத் தரையில் எதைக் கிண்டும்?

குட்டியின் காதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல குட்டியின் காது இளஞ்சிவப்பாக, நரம்பு ஓடுவது தெரியும்படி இருக்கும். சோகை பிடித்த காது மெழுகு மாதிரி இருக்கும். நாலடி ஓடினாலே விலா அடித்து மூச்சு வாங்கும். மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போடுங்கள். கழுத்தில், காதுக்குப் பின்னால் போட வேண்டும். தொடையில் போட்டால் இறைச்சியில் கறை நின்றுவிடும். போடுமுன் தோலை ஒரு விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பிடியுங்கள். ஊசியை எடுத்ததும் தோல் தன் இடத்துக்கு வந்து துளையை மூடிக்கொள்ளும், மருந்து வெளியே வழியாது.

சம்பூர்: தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் வயிறு நிறையப் போடுகிறேன். ஆறு மாதமாகியும் வளர்த்தி இல்லை.

வயிறு நிறைகிறது, லைசின் நிறையவில்லை. புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களில் பன்றிக்கு முதலில் தட்டுப்படுவது லைசின்தான். 20 முதல் 50 கிலோ வரையான பன்றியின் தீனியில் அது ஏறக்குறைய 1 சதவீதம் இருக்க வேண்டும். தவிட்டிலும் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் அதில் பாதி அளவுதான் உண்டு. எவ்வளவு கூடப் போட்டாலும் அந்தக் குறை தீராது. சோயாப் பிண்ணாக்கோ நல்ல மீன்தூளோ சேருங்கள். நம் ஊரில் மீன் கழிவுக்குக் குறைவில்லை. அவித்துக் கொடுங்கள், ஆனால் இறைச்சிக்கு அனுப்புவதற்கு ஒரு மாதத்துக்கு முன் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இறைச்சி மீன் நாறும். கருவாட்டுக் கழிவு போடுபவர்கள் தண்ணீரை ஒரு வேளைகூடக் காயவிடக் கூடாது. உப்பு கூடித் தண்ணீரும் இல்லாவிட்டால் வலிப்பு வந்து சாகும். தவிடு பழசாகிக் காறல் மணம் வந்தால் வாங்காதீர்கள்.

கிண்ணியா வீதி: குட்டி இப்போது என்ன விலை?

விலை என்னிடம் கேட்க வேண்டாம். வளர்ப்பவர்களைக் கேளுங்கள்.

உப்புவெளி: இங்கே ஹோட்டல்களில் மிச்சச் சாப்பாடு பரல் பரலாகச் சும்மா தருகிறார்கள். போடலாம்தானே?

பச்சையாக வேண்டாம். முதலில் உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் இப்போது அனுமதி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், குறைந்தது 90 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் கிண்டிக்கிண்டிக் கொதிக்க வைத்த பிறகே போடுங்கள்.

அதே உப்புவெளிக்காரர்: அப்பா காலத்திலிருந்து பச்சையாகத்தான் போடுகிறோம் ஐயா. ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

அப்பா காலத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த நாட்டில் இல்லை. 2024 ஒக்டோபரில் அது இலங்கையில் உறுதியானது. அந்த வைரஸ் உறைந்த இறைச்சியில் வருடக்கணக்கில் கிடக்கும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 1957இல் லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விமானச் சாப்பாட்டுக் கழிவைத் தின்ற பன்றிகள் மூலம்தான் அது ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. 2007இல் ஜோர்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் கப்பலிலிருந்து வந்த உணவுக் கழிவு மூலம் நுழைந்தது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2018இல் சீனாவை அடைந்தது. லிஸ்பனிலும் போத்தியிலும் வாசல் எது என்று பாருங்கள்: விமான நிலையம், துறைமுகம். நாமும் துறைமுக ஊர்க்காரர்தான். வெளிநாட்டார் வந்து சாப்பிடும் ஹோட்டலின் பரலில் யார் தட்டிலிருந்து என்ன விழுந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நிலாவெளி அக்கா: நாங்கள் பன்றி இறைச்சித் துண்டை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுப் போடுகிறோம். அது போதாதா?

போதாது அக்கா. சொசேஜ் வெட்டிய கத்தி, அதே பலகை, அதே குழம்புச் சாறு எல்லாம் பரலுக்குள்தான் வருகின்றன. கண்ணால் பொறுக்கி வைரஸை எடுக்க முடியாது.

உப்புவெளி: விறகு வாங்கியே நான் முடிந்துபோவேன். ஆலைத் தீனி அதைவிட விலை.

இது நியாயமான கஷ்டம், நான் மறுக்கவில்லை. செலவைக் குறைக்க வழி உண்டு. சந்தையில் கழிக்கும் மரக்கறி, பேக்கரியின் பழைய பாண், இறைச்சி படாத மாவுக் கழிவு, இவற்றை வாங்குங்கள். ஹோட்டல் பரலை விட்டுவிடுங்கள். அந்தக் காய்ச்சல் கொட்டிலுக்குள் வந்தால் 4 முதல் 19 நாளில் தெரியும்: சாப்பிடாது, காய்ச்சல் கொதிக்கும், காதும் வயிறும் சிவந்து நீலம்பாயும், பிறகு வரிசையாகச் சாகும். கடும் வகையில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. மருந்தில்லை. வியட்நாமில் ஒரு தடுப்பூசி பாவனைக்கு வந்திருக்கிறது, ஆனால் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டது என்று ஒன்று இன்னும் இல்லை. மிச்சம் பிடித்த தீனிக்காசு ஒரு கிழமையில் போய்விடும் தம்பி, அயலவரின் பன்றிகளும் கூடவே போகும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செல்வநாயகபுரம்: பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது என்றார்களே?

அது வேறு பன்றிக் காய்ச்சல், வேறு வைரஸ். அதற்கு ஊசி உண்டு. அந்த ஊசி இதைத் தடுக்காது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றுமா?

தொற்றாது.

குச்சவெளி: ஹோட்டல் சாப்பாடு போடலாமா ஐயா?

மேலே வாசியுங்கள்.

தம்பலகாமம்: வயல் ஓரத்தில் காட்டுப்பன்றி ஒன்று செத்துக் கிடக்கிறது. இறைச்சி எடுக்கலாமா?

தொடாதீர்கள். காட்டுப்பன்றிக்கும் அதே காய்ச்சல் வரும். மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வயலில் போட்ட செருப்போடு கொட்டிலுக்குள் நுழையாதீர்கள். கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு ஒன்று வாசலிலேயே கிடக்கட்டும்.

அன்புவழிபுரம்: ஆவணியில் சேர்த்த பெண்பன்றிகள் ஒன்றும் சினைப்படவில்லை. ஆண்பன்றி நன்றாகத்தான் இருக்கிறது.

பார்க்க நன்றாக இருக்கும். கச்சான் காற்று அடித்த வெயிலில் வெந்திருக்கிறது. பன்றி நம்மைப் போல் வியர்க்காது. விந்து உருவாகி முதிர ஆறு கிழமை அளவு செல்லும் என்பதால் ஆனி, ஆடி வெயிலின் பலன் பிறகுதான் தெரிகிறது. கிடுகுக் கூரை, காற்றோட்டம், பகலில் உடம்பு நனைய இரண்டு மூன்று முறை தண்ணீர், இவ்வளவும் வேண்டும். அப்புறம் இன்னொன்று: அந்த ஆண்பன்றியின் மகள்களோடு அதையே சேர்க்கிறீர்களா? அப்படியென்றால் குட்டி எண்ணிக்கையும் குறையும். வேறு இடத்து ஆண்பன்றி பாருங்கள். காய்ச்சல் இல்லாத கொட்டிலிலிருந்து, ஒரு மாதம் தனியே கட்டி வைத்துப் பார்த்த பிறகு.

மூதூர்: ஹோட்டல் சாப்பாட்டை வெயிலில் காயவைத்தால்...

வேண்டாம். கொதிக்க வேண்டும், அதுவும் மேலே சொன்ன மாதிரி.

சீனக்குடா: என் மாட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது.

மாடு என் பாடம் இல்லை, இன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பாலையூற்றுத் தம்பி மறுபடி: ஜனவரி 1இல் சேர்த்தேன். எப்போது குட்டி போடும்?

3 மாதம், 3 கிழமை, 3 நாள் என்று கணக்கு, அதாவது 114 நாள். ஏப்ரல் 25ஐ ஒட்டி எதிர்பாருங்கள். 20ஆம் திகதியே தாயைக் கழுவிக் குட்டி போடும் அறைக்கு மாற்றுங்கள். இரும்பு ஊசியை இப்போதே சொல்லி வையுங்கள்.