நாற்பது பேர், ஒரு பேருந்து, ஒரு காடு

கேள்வி: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து கோவில் குழுவாக ஆகஸ்டில் பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டுக்குப் போகிறோம். நாற்பது பேர், பாதிப் பேர் வயதானவர்கள். எல்லோரும் நடக்கலாமா? ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: எல்லோரையும் நடக்க வைக்காதீர்கள். குழுவை மேலே, காட்டுக்குள் நுழையும் இடமான பெத்ரானிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

நடக்கக்கூடியவர்கள் அங்கிருந்து மக்காபே பாதையில் இறங்கட்டும். சுமார் 10 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். தொடக்கத்தில் அகலமான சமதளப் பாதை, பேசிக்கொண்டே போகலாம். மக்காபே காட்சி முனையைத் தாண்டியதும் செங்குத்தான இறக்கம் வரும். ஈரச் செம்மண்ணும் வேர்களும் சேர்ந்து வழுக்கும் இடம் அதுதான். ரப்பர் செருப்போடு வருபவரைப் பேருந்திலேயே உட்கார வையுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம். அதே வழியில் திரும்ப ஏறும் எண்ணமே வேண்டாம்.

பெரியவர்கள் பேருந்தில் அலெக்சாண்ட்ரா அருவி, கோர்ஜஸ் காட்சி முனை இரண்டையும் பார்க்கலாம். இரண்டுக்கும் சாலையிலிருந்து கொஞ்ச தூர நடைதான். குரங்குகள் வரும், காத்தோ பிமான் (மிளகாய் வடை) பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். பிறகு சமரேல் வழியாக மேற்குக் கடற்கரைக்கு இறங்கி, ரிவியேர் நுவார் (பிளாக் ரிவர்) பக்கத்துப் பார்வையாளர் மையத்தில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். சமரேல் இறக்கத்தில் வளைவுகள் அதிகம். பெரிய பேருந்து என்றால் ஓட்டுநரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆகஸ்டில் மேட்டில் தூறலும் குளிரும் இருக்கும், கீழே வெயில் அடிக்கும். ஆகவே மழைச்சட்டை, தொப்பி இரண்டும் தேவை.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. எவ்வளவு தெளிவாக ஓடினாலும் மான், காட்டுப்பன்றி, எலி எல்லாம் புழங்கும் தண்ணீர் அது; எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. காலில் புண் இருப்பவர்கள் ஓடையில் இறங்கவும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டு போகட்டும். மேட்டில் கனமழை பிடித்தால் கீழே ஆறு சட்டென்று பெருகும், பாதையோ அங்கே ஆற்றைக் கடக்கிறது. வானிலை நிலையம் கனமழை எச்சரிக்கை விடுத்திருந்தால் அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

சாப்பாட்டுக்கு வாழையிலை போதும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டுக்கு 2021 முதல் நாட்டில் தடை இருக்கிறது. அடுப்பு மூட்டாமல் வீட்டிலேயே சமைத்து எடுத்துப் போங்கள். இளஞ்சிவப்புப் புறா கண்ணில் பட்டால் ரொட்டித் துண்டு போடாதீர்கள். 1990 வாக்கில் காட்டில் பத்தளவுக்குச் சுருங்கி, பிறகு மெல்லப் பெருகிய இனம் அது.

மருத்துவ அவசரத்துக்கு 114, காவல்துறைக்கு 999. பள்ளத்தாக்குக்குள் செல்பேசி எப்போதும் எடுக்கும் என்று நம்பாதீர்கள். வரிசையின் முன்னாலும் பின்னாலும் பாதை தெரிந்த ஒருவர் வரட்டும்.