மருந்து இலவசம்தான், பஸ் கட்டணம் எதற்கு?

கேள்வி: எச்.ஐ.வி. தொற்றுள்ள ஏழைகளுக்கு மருந்துடன் போக்குவரத்துச் செலவும் மாத உதவித்தொகையும் அரசு தரவேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மருந்துதான் இலவசமாகக் கிடைக்கிறதே! தாமே தேடிக்கொண்ட நோய்க்கு வரி கட்டுகிறவன் இன்னும் எவ்வளவு அழுவது?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது, தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா ஆண்டுக்கு 350 டாலருக்கு இம்மருந்தைத் தர முன்வந்து பன்னாட்டு நிறுவனங்களின் விலையை உலுக்கியது உண்மை. ஆனால் அந்த விலையும் ஒரு கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாததாகவே இருந்தது. ஆகவே மருந்து இலவசமானது பெரிய காரியம் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

ஆனால் இது வாழ்நாள் முழுதும் ஒருநாளும் தவறாமல் விழுங்கவேண்டிய மாத்திரை. அதை வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது இந்தச் சிகிச்சை தரும் அரசு மையத்துக்கு, போகிற நாளில் கட்டட வேலை செய்கிறவருக்கும் பனியன் கம்பெனியில் தைக்கிறவருக்கும் அன்றைய கூலி போய்விடும். பக்கத்து மையத்துக்குப் போனால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று அஞ்சி, அடுத்த மாவட்டத்து மையத்தில் பதிவு செய்துகொண்டு, வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டு விடியற்காலையில் பஸ் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு அருகிலேயே மருந்து தரும் இணைப்பு மையங்கள் தொலைவைக் குறைத்திருக்கின்றன. அச்சத்தை அவற்றால் குறைக்க முடியவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லாமல் மருந்து விட்டுப்போனால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். பிறகு தரவேண்டிய இரண்டாம் கட்ட மருந்துகளின் விலை கூடுதல். அதையும் உங்கள் வரிப்பணம்தான் கட்டும்.

உங்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. ஒன்பது நாடுகளில் நடந்து, சென்னைத் தம்பதியரும் பங்கேற்ற ஆய்வொன்றின் முடிவு 2011-இல் வெளியானது. தொற்றுள்ளவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் பிறரையும் காக்கிறார்.

'தாமே தேடிக்கொண்ட நோய்' என்கிறீர்கள். 2018-இல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிப் பெண் எதைத் தேடிக்கொண்டார்? கணவரிடமிருந்து பெற்ற மனைவியரையும் தாயிடமிருந்து பெற்ற பிள்ளைகளையும் இங்கே வரிசையாக நிறுத்தலாம். ஆனால் அப்படிச் செய்தால் குற்றமற்றவர், குற்றவாளி என்று நோயாளிகளைப் பிரிக்கும் உங்கள் கணக்கை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். புகைத்துப் புற்றுநோய் வாங்கியவரிடம் எந்த அரசு மருத்துவமனையும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டுவிட்டு மருந்து தருவதில்லை.

தமிழக அரசு 2009-இல் ஐந்து கோடி ரூபாயை வைப்புநிதியாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படிப்புக்கும் ஊட்டச்சத்துக்கும் உதவ ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியது. உதவித்தொகை கேட்கும்போது நான் புதுமையாக எதையும் கேட்டுவிடவில்லை.

வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்கும் ஆர்வம் உண்மையானால் அதற்கும் இடமிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சிகிச்சை வழங்கும் கடமையை 'இயன்ற அளவு' என்ற நிபந்தனையோடுதான் அரசின்மீது சுமத்துகிறது. 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்துத் தொற்றுள்ளோர் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தின் முன் போராட்டத்தில் உட்கார நேர்ந்தது. ஏழையின் பஸ் டிக்கெட்டைக் கிளறுவதைவிட, மருந்துக் கொள்முதல் ஏன் தாமதமாயிற்று என்று நீங்கள் கேட்டு எழுதினால் அடுத்த இதழில் முதல் கேள்வியாகவே வெளியிடுகிறேன்.