மலை ரயிலில் வந்த மிஸஸ் மூர்

கேள்வி: எங்க அப்பிச்சி அடிக்கடி ஒரு கதை சொல்லுவாருங்க. நம்ம ஊட்டி ரயிலில் வெள்ளைக்காரங்க சினிமா எடுத்தாங்க, அந்தப் படத்தில் நடிச்ச ஒரு பாட்டிக்கு ஆஸ்கர் கிடைச்சுது என்பார். வீட்டில் ஒருத்தரும் நம்பினதில்லை. நிஜமாவே அப்படி ஒரு படம் உண்டுங்களா?
– ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: உண்டு அம்மணி, அப்பிச்சி சொன்னது அத்தனையும் நிஜம். படம் 'எ பாசேஜ் டு இந்தியா', டேவிட் லீன் இயக்கி 1984-இல் வந்தது. கதையில் வருகிற மராபார் குகைகளைப் பார்க்க எல்லோரும் ரயிலில் கிளம்புவார்களே, அந்த ரயில் நம்ம நீலகிரி மலை ரயில்தான். கதைப்படி அது வடக்கே ஏதோ ஒரு ஊர். ஆனால் கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிற அந்த வண்டியை நமக்கா அடையாளம் தெரியாது! குகைப் பாறைகளுக்கு மட்டும் பெங்களூரு பக்கம் போய்விட்டார்கள். பாட்டியின் பெயர் பெக்கி ஆஷ்கிராஃப்ட். மிஸஸ் மூர் வேடத்துக்காக 1985-இல் சிறந்த துணை நடிகை ஆஸ்கர், அப்போது வயது 77. அந்தப் பிரிவில் அதுவரை அவ்வளவு வயதில் யாரும் வாங்கியதில்லை. விழாவுக்கு அவர் போகவில்லை, ஏஞ்சலா லான்ஸ்பரி வாங்கிக்கொண்டார்.

கேள்வி: 77 வயசு வரைக்கும் யாருக்கும் தெரியாமலா இருந்தாருங்க? அதிர்ஷ்டம் கடைசியில் வந்ததுன்னு எடுத்துக்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இல்லைங்க, அப்படி மட்டும் எடுத்துக்காதீங்க, எனக்கு மனசு கேட்காது. நமக்குத் தெரிந்தது அந்த ஒரு படம், அவ்வளவுதான். அவர் மேடை ஏறியது 1926-இல். 1930-இல் லண்டன் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம், கறுப்பின நடிகரும் பாடகருமான பால் ராப்சன் ஒதெல்லோ, இவர் டெஸ்டிமோனா. வெள்ளைக்காரப் பெண் கறுப்பருக்கு மனைவியாக நடிப்பதா என்று திட்டிக் கடிதங்கள் வந்தன, ஆனாலும் 22 வயதுப் பெண் அசரவில்லை. 1935-இல் ஜூலியட். அதில் ஒரு விசேஷம்: ஜான் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, மெர்குஷியோ என்ற இரண்டு வேடங்களையும் மாற்றி மாற்றிக் கட்டினார்கள், ஜூலியட் மட்டும் மாறவே இல்லை. அதே வருஷம் ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தில் ஸ்காட்லாந்துக் குடியானவரின் மனைவியாகச் சில நிமிஷம் வருவார்.

என்னைக் கேட்டால் 1963-தான் உச்சம். ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களைச் சேர்த்து, 'வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்' என்று மூன்று நாடகங்களாக ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் போட்டார்கள். அதில் ராணி மார்கரெட் இவர். முதல் நாடகத்தில் இளம்பெண்ணாக வந்து கடைசியில் சாபம் விடுகிற கிழவியாகப் போகிற வேடம், அப்போது இவருக்கு வயது 55! நம்ம எடப்பாடி, மேட்டூர் பக்கம் விடிய விடியக் கூத்துக் கட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரே ஆள் ஒரு முழு ஆயுளைத் தூக்கிச் சுமப்பது என்ன பாடு என்று தெரியும். இதற்கெல்லாம் முன்பே, 1956-இல், 'சர்' பட்டம் மாதிரி பெண்களுக்குத் தருகிற டேம் பட்டம் வாங்கிவிட்டார். அவர் பிறந்த குரோய்டனில் 1962-இல் அவர் பெயரிலேயே ஒரு தியேட்டரும் திறந்துவிட்டார்கள். 60 வருஷ உழைப்பு அது, ஆஸ்கர் அதில் ஒரு நாள்.

கேள்வி: பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டு நாடகம்தான் படிப்பேன்னு நிக்கறா. அந்தம்மா வீட்டில் எப்படி ஒத்துக்கிட்டாங்க?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஒத்துக்கவில்லைங்க. அப்பா முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். அம்மா ஆசைக்கு நாடகத்தில் நடித்தவர்தான், ஆனாலும் மகள் அதையே தொழிலாக எடுப்பது பிடிக்கவில்லை, ஆசிரியர்களுக்கும் பிடிக்கவில்லை. இவரோ 16 வயதிலேயே நடிப்புப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். ஒலிவியர் அங்கே கூடப் படித்தவர். உங்க பொண்ணு எங்கே சேரப் போகிறாள், செலவு என்ன என்பதை எழுதுங்க, தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்.

கேள்வி: மேடை நடிகர்கள் கேமரா முன்னால் ஓவராக நடிப்பார்கள் என்கிறாரே எங்கள் பேராசிரியர்?
– கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

பதில்: அவரையும் கூட்டி வைத்துக்கொண்டு 'எ பாசேஜ் டு இந்தியா'வில் வருகிற மசூதிக் காட்சியைப் பாரம்மா. நிலா வெளிச்சம், இடிந்த மசூதி, கீழே ஆறு. செருப்போடு உள்ளே வந்துவிட்டாள் என்று நினைத்து டாக்டர் அஜீஸ் சத்தம் போடுகிறார். மிஸஸ் மூர் பதறுவதும் இல்லை, கோபப்படுவதும் இல்லை, ஏற்கெனவே கழற்றிவிட்டேன் என்று சாதாரணமாகச் சொல்கிறார். நம்ம வீட்டு ஆத்தா கோயில் வாசலில் பேசுகிற மாதிரி அவ்வளவு இயல்பு. மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகிய குரல், இங்கே பக்கத்தில் இருக்கிற ஒருத்தருக்கு மட்டும் கேட்டால் போதும் என்று இறங்கிவிடுகிறது. அப்புறம் குகையிலிருந்து மூச்சு முட்டி வெளியே வந்து நாற்காலியில் உட்காருவார், அங்கே வசனம் ரொம்பக் கொஞ்சம், முகம்தான்.

அதே 1984-இல் 'தி ஜூவல் இன் தி கிரவுன்' என்ற 14 பகுதி டிவி தொடரும் வந்தது. அதில் பெக்கி ஆஷ்கிராஃப்ட் ஓய்வுபெற்ற மிஷன் டீச்சர் பார்பி, வாய் ஓயாமல் பேசுகிறவள், மிஸஸ் மூருக்கு நேர் எதிர். இரண்டுக்கும் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் சினிமா, டிவி விருதை வாங்கினார். முதலில் படத்தைப் பார், இரண்டே முக்கால் மணி நேரம்தான். மறுநாள் தொடரின் பார்பியைப் பார், ஒரே ஆள்தானா என்று உனக்கே சந்தேகம் வரும்.