கிராஃப்ட் பீரில் களைக்கொல்லி எச்சம் இருக்குமா?

சிறு ஆலையில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் என்றால் களைக்கொல்லி பயம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. ஆலை சிறியதுதான், பார்லி என்னவோ பெரும்பாலும் பெரிய வயல்களிலிருந்துதான் வருகிறது. சில நாடுகளில் பயிர் ஒரே சீராகக் காய்வதற்காகவே அறுவடைக்கு முன் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கிறார்கள். அது தண்ணீரில் நன்றாகக் கரையும். பீர் காய்ச்ச மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வெந்நீரில் ஊறவைக்கும்போது சாற்றோடு இறங்கிவிடும்.

2016இல் மியூனிக்கின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று 14 ஜெர்மன் பீர்களைச் சோதித்தது. எல்லாவற்றிலும் கிளைஃபோசேட்! லிட்டருக்கு 0.46 முதல் 29.74 மைக்ரோகிராம் வரை. அங்கே குடிநீருக்கான வரம்பே 0.1தான். கேட்டால் பகீரென்று இருக்கும். ஆனால் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமோ, கெடுதல் வர நாளொன்றுக்கு சுமார் 1,000 லிட்டர் குடிக்க வேண்டும் என்றது. (அதற்குள் ஆல்கஹாலே ஆளை முடித்துவிடும்.)

சரி, புற்றுநோய்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைஃபோசேட்டை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் வைத்தது. ஆல்கஹால் அதற்கும் ஒரு படி மேலே, உறுதியாக உண்டாக்கும் பிரிவில் இருக்கிறது. எச்சத்தைக் குறைக்க நினைத்தால் இயற்கை வேளாண் மால்ட்டில் செய்த பீரைத் தேடலாம். அதிலும் சில சமயம் துளி இருக்கும்.