தத்துப் பொண்ணு "எனக்கும் உங்கள மாதிரி கன்னத்துல குழி விழும்"னு சொல்றா, திருத்தணுமா?

கேள்வி: அஞ்சு வயசுப் பொண்ணு, கைக்குழந்தையா தத்தெடுத்தோம், அவளுக்கும் தெரியும். இருந்தும் பெரியவளானா என்னை மாதிரியே குழி விழும்ங்கறா. மாமியாரோ "யாரு ரத்தமோ, குணம் எப்படி வருமோ"ங்கறாங்க.

பதில்: பொண்ணு வயசுக்குத் தக்கனதான் பேசுறாம்மா. 1996ல அமெரிக்காவுல சாலமன், கேரிங்கற உளவியல் ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் சின்னப் பசங்களுக்கு ஒரு கதை சொன்னாங்க, பெத்த அப்பாவுக்குப் பச்சைக் கண்ணு, தத்தெடுத்து வளர்த்த அப்பாவுக்குப் பழுப்புக் கண்ணு, பையனுக்கு எதுன்னு. நாலஞ்சு வயசுல குழப்பிக்கிட்டாங்க, ஏழு வயசு வாக்குலதான் நிறைய பேர் கண்ணு பெத்தவர் வழி, நம்பிக்கையெல்லாம் வளர்த்தவர் வழின்னு பிரிச்சாங்க. "குழி விழுமான்னு தெரியலடா, ஆனா சிரிக்கறது அப்படியே என்னை மாதிரி"ன்னு சொல்லிட்டுப் போங்க, போதும்.

மாமியார் விஷயம். மடகாஸ்கர்ல வெசோ மீனவ மக்கள், மாசமா இருக்கறப்ப அம்மா யாரோட ரொம்பப் பழகினாளோ அவங்க சாயல் வரும்பாங்க, நம்மூர் குங்குமப்பூ மாதிரிதான். ஆனா இதே மாதிரி தத்துக் கதை சொல்லிக் கேட்டா அங்க இருக்கற பெரியவங்க, உடம்பு பெத்தவங்க மாதிரி, நினைப்பு வளர்த்தவங்க மாதிரின்னு கரெக்டா பிரிச்சுடறாங்க. உங்க மாமியாரும் பக்கத்து வீட்டுப் பையன் கெட்டுப்போனா ரத்தத்தைத் திட்ட மாட்டாங்க, வளர்ப்பு சரியில்லைம்பாங்க, கவனிச்சுப் பாருங்க.

எனக்குப் பயமெல்லாம் புரோக்கருங்கதான். இந்த மாதிரி வீட்டுக்குன்னே மோப்பம் பிடிச்சு வருவானுங்க, "பெத்தவங்க யாரு, என்ன ஜாதி, விசாரிச்சுத் தரேன்"னு. அஞ்சு பைசா குடுக்காதீங்க. வேர் தேடறது, அதாவது பெத்தவங்க யாருன்னு தேடறது, பிள்ளையோட உரிமை, 18 வயசுக்கு அப்புறம் அவளே கேக்கலாம், அதுக்கு முன்னன்னா உங்களோட சேர்ந்து, மூணாவது ஆள் தேட காரா (மத்திய அரசோட தத்தெடுப்பு ஆணையம்) விதியில இடமே இல்ல. அவன் கதை கட்டி வித்தா நீங்க எங்க போய் சரிபார்ப்பீங்க, அதோட அந்த ஜாதியைத் தெரிஞ்சு என்னதான் பண்ணப் போறீங்க?

ரத்தம் நிஜமாவே முக்கியம்னா அது வியாதி விஷயத்துலதான். டாக்டர் "குடும்பத்துல யாருக்காவது சுகர், தைராய்டு, தலசீமியா?"ன்னு கேட்டா நிறைய பேர் வெக்கப்பட்டுக்கிட்டு தங்க குடும்பத்து சுகரைச் சொல்லிடறாங்க. செய்யாதீங்க. உங்க அம்மா சுகர் இவளுக்குப் பரம்பரையா வராது, இவளுக்கு வரக்கூடியது உங்களுக்குத் தெரியாது, பொய்யைச் சொன்னா டாக்டர் வேண்டாத டெஸ்ட் எழுதுவார், வேண்டியதை விட்டுடுவார். ஃபார்ம்ல அப்பா வழி, அம்மா வழின்னு ரெண்டே கட்டம் இருக்கும், தத்துக்குன்னு மூணாவது கட்டம் அச்சடிக்க இவங்களுக்கு என்னதான் கேடோ. ரெண்டையும் அடிச்சிட்டு "தத்துக் குழந்தை, தெரியாது"ன்னு எழுதுங்க, தத்து எடுக்கறப்ப குடுத்த மெடிக்கல் ரிப்போர்ட் காப்பியையும் கூடவே நீட்டுங்க.