படைப்பு மனம் உள்ளவர்கள் பெரியவர்களான பிறகும் ஏன் வெளியாள் போல உணர்கிறார்கள்? இது எப்போதாவது போகுமா?

கேள்வி கேட்டவர் தன்னைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: வயது 34. நிலையான வேலை, குடும்பம், குறை சொல்ல முடியாத நண்பர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு கதை எழுதுகிறார். நாலு பேர் கூடிப் பேசிச் சிரிக்கும் இடத்தில், தெரியாமல் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் போல இருக்கிறதாம். வயது ஏற ஏறச் சரியாகிவிடும் என்றார்களே, ஏன் ஆகவில்லை என்று கேட்கிறார்.

என் அனுபவத்தில் இதில் பாதி போகும், பாதி போகாது. போகாத பாதியோடு மல்லுக்கட்டி நிறைய வருடங்களைத் தொலைத்தேன். போகக்கூடிய பாதியையோ, அதுதான் என் கலைக்கு உரம் என்று நம்பிப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். இரண்டும் வேறு வேறு என்று புரிய எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

நான் படம் வரைகிறேன். பெரும்பாலும் கைகள். பிழைப்புக்குக் கணக்குப் பிரிவில் வேலை. ஒரு நாள் மதியம், பக்கத்து மேஜைக்காரர் தன் அப்பாவின் உடல்நிலை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து நேராக அலுவலகம் வந்திருந்தார். பேசும்போது கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறை அழுத்தி மூடும்போதும் கட்டைவிரல் நகம் வெளுத்துப் போகும். விட்டதும் நுனியிலிருந்து மெதுவாகச் சிவப்பு திரும்பும். நான் அவர் சொன்னது எல்லாவற்றையும் கேட்டேன். வருத்தப்பட்டேன், கேட்க வேண்டியதைக் கேட்டேன், ஆறுதலும் சொன்னேன். ஆனால் எனக்குள் இன்னொருவர் உட்கார்ந்து அந்த நகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு அந்தக் கையைப் பதினொரு முறை வரைந்தேன். பன்னிரண்டாவதாக வரையப் போகும்போது, ஒரு மனிதர் தன் துக்கத்தைச் சொல்கிறார், நீ நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயா என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

இதுதான் போகாத பாதி. நீங்கள் கதை எழுதுகிறவர் என்பதால் இது உங்களுக்கும் நடக்கும். யாரோ சண்டை போடும்போது அவர்கள் எந்தச் சொல்லில் தடுக்குகிறார்கள் என்று காது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காத ஒருவரைக் கண் தேடும். கூட்டத்தில் முழுதாகக் கரைந்துபோக முடியாது, ஏனென்றால் கரைந்துவிட்டால் பார்க்க முடியாது. இதைக் குணக்கேடு என்றோ பாசம் இல்லாததன் அடையாளம் என்றோ நான் நீண்ட நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இதுவும் ஒருவகைக் கவனம்தான். அந்த நகத்தைப் பார்த்ததால்தான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. அவர் வாயால் அதைச் சொல்லவே இல்லை.

போகக்கூடிய பாதி வேறு. அதை நானாகக் கட்டினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோட்டை மேஜை மேலேயே வைத்திருப்பேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். உடனே அடுத்த கேள்வி, “இதுல ஏதாவது வருமானம் வருமா?” இல்லை என்றால், “பரவாயில்லை, ரிட்டயர் ஆன பிறகு நல்லா பொழுதுபோகும்.” ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதை இன்று உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நான் உயிரைக் கொடுத்துச் செய்யும் ஒன்றுக்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தது என்னைச் சுட்டது. நோட்டு மேஜை மேலிருந்து டிராயருக்குப் போனது, அங்கிருந்து பைக்குள் போனது. வரைய வேண்டும் என்றால் ஃபைல்களை ஆள் மறையும் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு அதற்குப் பின்னால் வரைவேன். ஏழெட்டு வருடம் கழித்துச் சேர்ந்தவர்களுக்கு நான் வரைவேன் என்பதே தெரியாது. ‘இவர்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்ற ஒரு வாக்கியத்தை மனதுக்குள் தினமும் சொல்லிக்கொண்டேன். பிறகு, என்னை யாருக்கும் தெரியவில்லையே என்று துக்கப்பட்டேன்.

சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் இளம் வயதில் சிகாகோவில் பியானோ வாசித்துச் சம்பாதித்தவர். கூட வாசித்த நடன இசைக் கலைஞர்களைப் பற்றி அவர் எழுதியவை 1963-ல் வந்த அவருடைய நூலில் உள்ளன. அந்தக் கலைஞர்கள் இசைத் தொழிலுக்கு வெளியே இருந்த எல்லோரையும் ‘ஸ்கொயர்’, அதாவது எதுவும் புரியாத ஆள், என்ற ஒரே சொல்லில் தள்ளி வைத்தார்கள். காசு கொடுத்துக் கேட்க வந்தவரும் ஸ்கொயர்தான். மேடை இல்லாத இடத்தில் வாசிக்க நேர்ந்தபோது, பியானோவையே திருப்பிப் போட்டுத் தங்களை மூலைக்குள் அடைத்துக்கொண்டு வாசித்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு என் ஃபைல் அடுக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியாள் என்று என்னை நிறுத்தியதில் மற்றவர்களின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று அன்றுதான் முதல்முறையாகக் கணக்குப் போட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒதுக்கப்பட்டால் வலிப்பது கலைஞர்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, ஃபிரிஸ்பி என்ற பறக்கும் தட்டை எறிந்து விளையாடிக்கொண்டிருந்த இருவரின் தட்டு அவர் அருகில் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். அவர்களும் அவரைச் சேர்த்துக்கொண்டு சில முறை எறிந்தார்கள், அப்புறம் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், ஆனாலும் அவருக்கு வலித்தது. அதையே பின்னால் கணினியில் பந்தெறியும் விளையாட்டாக மாற்றிப் பரிசோதித்தார். 2003-ல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் அந்த விளையாட்டை மூளை ஸ்கேனோடு சேர்த்து நடத்தியபோது, உடல் வலியின்போது இயங்கும் பகுதிகளில் ஒன்று அப்போதும் இயங்கியதைக் கண்டார்கள். ஆக, கூட்டத்தில் நீங்கள் ஒட்டாமல் நிற்கிறீர்களே, அதே அறையில் இன்னும் இரண்டு பேருக்காவது அப்படி இருக்கலாம். அவர்கள் எழுதுவதில்லை, அவ்வளவுதான். இந்த வலியை வைத்து நாம் கலைஞர்தானா என்று அளக்க முடியாது.

ஒதுக்கப்படுவது படைப்பாற்றலை வளர்க்கும் என்று சொல்ல, ஷாரன் கிம் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அதில் ஒதுக்கப்பட்ட பிறகு நன்றாகச் செய்தவர்கள், ஏற்கெனவே தங்களை மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்களாக நினைத்துக்கொண்டவர்கள். செய்ததும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்த சிறு பயிற்சிகள். அதை நம்பி யாரும் வருடக்கணக்காகத் தனிமையைச் சேமித்து வைக்க வேண்டாம். நான் சேமித்தேன். படங்களில் அதனால் ஒன்றும் கூடவில்லை, கைகள் மட்டும் இறுகிப் போயின. பழைய நோட்டுகளைப் பார்த்தால் தெரிகிறது.

தனிமைக்கு உதாரணமாக நாம் நினைக்கிற எழுத்தாளர் காஃப்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, இரவில் எழுத்து. உங்கள் வாழ்க்கையைப் போலத்தான். ஆனால் 1902-லிருந்தே மாக்ஸ் பிராட் என்ற நண்பர் இருந்தார். எழுதியதை நண்பர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். படிக்கும்போது தாமே சிரித்தார் என்று பிராட் எழுதியிருக்கிறார். வெளியாளாக உணர்ந்தவர்தான், அவருடைய நாட்குறிப்பு முழுக்க அது இருக்கிறது. இருந்தாலும் படித்துக் காட்ட ஆள் இருந்தது.

சரி, வயது ஏன் சரி செய்யவில்லை என்று கேட்டீர்கள். சின்ன வயதில் எல்லோரும் வரைகிறார்கள், எல்லோரும் கதை சொல்கிறார்கள். அங்கே நாம் கூட்டத்தில் ஒருவர். வளர வளர ஒவ்வொருவராக நிறுத்துகிறார்கள், நாம் நிறுத்துவதில்லை. நாம் விலகிப் போகாமலேயே தனியாகி விடுகிறோம். அதோடு, பெரியவர்களான பிறகு புதிதாக ஒருவரை நெருங்க நேரம் கிடைப்பதில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வந்தது. வேலை நேரத்தில் சேர்ந்து இருப்பதற்கு இதில் அவ்வளவு மதிப்பு இல்லை. அலுவலகத்தில் தினம் ஒன்பது மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தவரை எனக்குத் தெரியவே தெரியாது என்பதற்கு எனக்கு அதில் விளக்கம் கிடைத்தது.

அந்த 90 மணி நேரத்தை நான் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் 45 வாரம். இப்போது சனிக்கிழமை காலையில் மூன்று பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வரைகிறோம். ஒருவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், மரங்களைத் தவிர எதையும் தொடமாட்டார். முதல் சில வாரங்கள் போவதற்கே உடம்பு கூசியது, பாதியில் எழுந்து வந்துவிடலாமா என்று இருக்கும். ஒருவர் படத்தை ஒருவர் பாராட்டுவதில்லை என்று யாரும் சொல்லாமலேயே ஒரு பழக்கம் வந்துவிட்டது. “இந்தக் கோடு ஏன் இங்கே நின்னுடுச்சு?” என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக நான் இருபது வருடம் காத்திருந்தேன் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. வருமானம் வருமா என்ற கேள்வி இப்போது என்னைச் சுடுவதில்லை. யாராவது கேட்டால், வராது என்று சொல்லிவிட்டு நோட்டைக் காட்டுகிறேன்.

அதற்கெல்லாம் முன்பு நடந்த ஒன்று இருக்கிறது. பேனா மூடிக்காரரின் அப்பா அந்த வருடமே தவறிவிட்டார். இரண்டு வருடம் கழித்து ஃபைல் அடுக்கைக் கலைத்தபோது, அந்தப் பதினொரு படங்களையும் அவரிடம் காட்டினேன். கை நடுங்கியது, எனக்குத்தான். எட்டாவது படத்தில் நிறுத்தினார். தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இது எங்க அப்பா கை” என்றார். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் அப்பா தச்சு வேலை செய்தது, உளி பிடிக்கும்போது கட்டைவிரலை எப்படி வைப்பார் என்பது எல்லாம் சொன்னார். அன்றும் என் கண் அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அன்று நான் வெளியே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். எழுதவே பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, எதிலும் மனம் செல்லவில்லை என்று வாரக்கணக்கில் இருந்தால் அது நான் சொல்லும் இந்த விலகல் இல்லை. மருத்துவரைப் பாருங்கள், படைப்பு மனம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள்.

மற்றபடி, வெளியிடுவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். முதலில் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எழுதுகிறவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நடுவில் போனைப் பார்க்காதவராக இருந்தால் போதும். எந்தப் பக்கத்தில் அவர் முகம் மாறியது என்று உங்கள் கண் தானாகக் குறித்துக்கொள்ளும், அதைத் தடுக்காதீர்கள். படித்த பிறகு என்ன நடந்தது என்று நேரம் கிடைக்கும்போது இங்கே எழுதுங்கள். நான் வந்து படிப்பேன்.