பிங் ஏன் எகிறுது, தேயிலை ஏன் சுற்றிப் போகுது?

போன்கடை அண்ணன் பதில்கள்

ஹட்டன் டவுனில் போன் திருத்துகிறவனிடம் எதற்காக உலக அரசியல் கேட்கிறார்கள் என்று ஆசிரியருக்கு ஒரே ஆச்சரியம். கடையில் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். டிஸ்ப்ளே மாற்றி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் ட்ரம்பில் தொடங்கி தைவான் வரை போய் வந்துவிடுவார். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் இந்த முறை ஊர் மட்டும்.

அண்ணே, ராத்திரி பப்ஜி விளையாடும்போது எனக்கு பிங் 180, 200 என்று போகுது. கொழும்பில் இருக்கிற மச்சான் 60இல் விளையாடுறான். நாங்க மலையில் இருக்கிறதால் தூரம் கூடவா? – உயர்தர மாணவன், கொட்டகலை

தூரம் இல்லை தம்பி, கணக்கைப் போட்டுப் பார். பிங் என்றால் உன் போன் அனுப்பியது கேம் ஓடுகிற கணினிக்கு, அதாவது சேர்வருக்கு, போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லிசெக்கனில். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். அதாவது 200 கிலோமீற்றருக்கு 1 மில்லிசெக்கன். நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் சிங்கப்பூர் சேர்வர்தான் விழும். கொழும்பிலிருந்து அங்கே நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய் வர 5,400. ஆக, தலைகீழாக நின்றாலும் 27க்குக் கீழே பிங் இறங்காது. கடலடிக் கேபிள் நேராகப் போவதுமில்லை, வழியில் ரவுட்டர்கள் வேறு. மச்சானுக்கு 60 வருவது நியாயம்தான்.

இப்போது உன் பங்கு. கொட்டகலையிலிருந்து கொழும்புக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். போய் வர 2 மில்லிசெக்கன்கூட ஆகாது. பிறகு மிச்சம் நூறுக்கு மேலே எங்கே தொலைகிறது? பெரும்பாலும் உன் போனுக்கும் டவருக்கும் நடுவில். ஒரே டவரை நம்பி மூன்று நாலு தோட்ட டிவிஷன்களின் லயங்கள், அதாவது வரிசை வீடுகள், இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அத்தனை காம்பிராவிலும் நாடகம், யூடியூப், கட்டாருக்கு வீடியோ கோல். டவர் எல்லாருக்கும் முறை வைத்துத்தான் கொடுக்கும். நீ சுடுகிற குண்டும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. நடுவில் ஒரு மலை மறைத்தால் இன்னும் மோசம்: அனுப்பியது போய்ச் சேராமல் போன் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மேட்ச் போட்டுப் பார். பிங் 70க்கு இறங்கினால் ராத்திரி நெரிசல்தான் குற்றவாளி. அப்போதும் 180 என்றால் சிக்னல் பிரச்சினை. டவர் தெரிகிற பக்கத்து ஜன்னலுக்கு இடம் மாறு. இன்னொன்று, சராசரியை நம்பாதே. 90இல் அசையாமல் நிற்கிற இணைப்பில் நன்றாக ஆடலாம். 50க்கும் 250க்கும் துள்ளுகிற இணைப்பில் ஆடவே முடியாது. உயர்தரப் பரீட்சை எப்போது என்று நான் கேட்கவில்லை.

மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடுகிறது. பனிக்கு அவ்வளவு சக்தியா? – வாசகி, நானுஓயா

இல்லை அக்கா. கூரை மேல் இருக்கும் டிஷ்ஷையும் கையில் இருக்கும் போனையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். டிஷ்ஷுக்கு வருகிற அலை 12 கிகாஹேர்ட்ஸ் பக்கம். பெரிய மழைத்துளி அதைக் குடித்துவிடும், படம் கட்டம் கட்டமாக உடையும். போன் அலை அதைவிட எவ்வளவோ கீழே. பனியை ஊடுருவி வந்துவிடும். ஆனால் டவரில் மத்தளம் மாதிரி ஒரு வட்டம் மாட்டியிருக்கிறதே, அதுதான் ஒரு டவர் மற்ற டவரோடு பேசுகிற வழி. அதில் ஓடும் அலையின் அதிர்வெண் பெரும்பாலும் அதிகம். கொட்டுகிற மழையில் தளர்ந்துபோகும். அதோடு, நம் பக்கத்தில் பனியும் மழையும் வந்தால் கரண்டும் போகும். டவர் கொஞ்ச நேரம் பேட்டரியில் மூச்சுப் பிடிக்கும், அப்புறம் படுத்துவிடும். பழி மட்டும் பனிக்கு.

ஐபோனா, அன்ட்ரொயிட்டா? – ராகலை

உடைந்தால் உங்கள் ஊரிலேயே பாகம் கிடைக்கிற எதுவும். எனக்கு இரண்டிலும் வருமானம்.

இந்தியாவில் தடை போட்ட கேம் இங்கே எப்படி வேலை செய்யுது? – பண்டாரவளை

தடை இந்தியச் சட்டம், அது இங்கே செல்லாது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீன இராணுவங்கள் மோதின. செப்டம்பரில் பப்ஜி மொபைல் உட்பட சீனத் தொடர்புள்ள 118 செயலிகளை டெல்லி தடை செய்தது. 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற கேமும் போனது. இமயமலையில் நடந்த சண்டைக்கு மதுரைப் பையன் கேமை இழந்தான், பண்டாரவளைப் பையன் தப்பித்தான்.

செங்கடலில் யேமன் ஆயுதக்குழுவான ஹூதிகள் கப்பலுக்கு அடித்தால் நட்டம் அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும்தானே? நமக்கென்ன? – ஓய்வுபெற்ற டீமேக்கர், மஸ்கெலியா

ஐயா, நீங்களே இப்படிக் கேட்கலாமா? உங்கள் கையால் பக்குவம் பார்த்து அனுப்பிய தூள் துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் லிபியாவுக்கும் எந்த வழியாகப் போனது? பாப் அல்-மன்டெப் நீரிணை, செங்கடல், சூயஸ். 2023 நவம்பரில் தாக்குதல் தொடங்கிய பிறகு பெரிய கப்பல் கம்பனிகள் ஆபிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. ஐரோப்பாப் பக்கம் போக பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல். கப்பல் கூலி ஏறியது, காப்புறுதி ஏறியது. கொழும்பு ஏலத்தில் விலை கேட்கிறவர் அதையெல்லாம் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அதே கடலுக்கு அடியில்தான் ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் இணையக் கேபிள்கள் பலதும் கிடக்கின்றன. 2024 பெப்ரவரியில் ரூபிமார் என்ற கப்பலை ஹூதிகள் தாக்கினார்கள். மாலுமிகள் இறங்கிவிட்டார்கள். நங்கூரத்தை இழுத்துக்கொண்டே கப்பல் மிதந்து திரிந்து, மார்ச் தொடக்கத்தில் மூழ்கியது. அந்த நாட்களில் அங்கே மூன்று கேபிள்கள் அறுந்தன. அந்த நங்கூரம்தான் அறுத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. அந்த நீரிணை ஒடுங்கும் இடத்தில் அகலம் 30 கிலோமீற்றர் அளவுதான். மேலே நம் தேயிலைப் பெட்டி, கீழே மற்றவர்களின் யூடியூப். கொட்டகலைத் தம்பிக்கு இதில் கவலையில்லை. அவனுடைய கேபிள் கிழக்கே சிங்கப்பூருக்குப் போகிறது. ஐரோப்பிய சேர்வரில் ஆடுகிறவர்களுக்குத்தான் பாடு.

ஈரானையும் சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் எண்ணெய் வாங்கிய கடன் 25 கோடி டொலருக்குக் கொஞ்சம் மேலே நம் தலையில் நின்றது. கையில் டொலர் இல்லை. இருந்திருந்தாலும் ஈரான் மீதான அமெரிக்கத் தடைகளால் வங்கி வழியே அனுப்புவது கஷ்டம். 2021 டிசம்பரில் மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துக் கழிப்பதென்று பேசினார்கள். அனுப்பத் தொடங்கியது 2023இல். மஸ்கெலியாவில் பறித்த கொழுந்து தெஹ்ரானில் கடன் அடைத்திருக்கலாம். பறித்தவருக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் மகன் ஃப்ரீ ஃபயரில் டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) வாங்கி ரீலோட் காசையெல்லாம் முடிக்கிறான். போனைப் பிடுங்கி உடைத்துவிடலாமா என்று வருது. – ஒரு தாய், பொகவந்தலாவை

உடைத்தால் எனக்குத்தான் லாபம் அக்கா, வேண்டாம். பிடுங்கிப் பார்த்த அரசாங்கங்களே இருக்கின்றன. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை ஒன்லைன் கேம் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் அப்பா, அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருஷம் கழித்து அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சீனா 2021இல் இன்னும் இறுக்கியது: 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும்.

எனக்குப் பிடித்தது பெல்ஜியம் செய்தது. கேமை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கிற பெட்டியைப் பிடித்தார்கள். அது சூதாட்டம் என்று 2018இல் சொல்லிவிட்டார்கள். நீங்களும் அந்த இடத்தில் பிடியுங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைக்கலாம். அந்தப் பாஸ்வேர்ட் மகனுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். ரீலோட் காசிலிருந்து எடுக்கும் வசதியையும் சிம் கம்பனிக்குப் பேசி நிறுத்தச் சொல்லுங்கள். டைமண்ட் இல்லாமலும் அந்த கேமை ஆடலாம். சட்டை மட்டும் பளபளக்காது.

தைவானில் சண்டை வந்தால் போன் விலை ஏறுமாமே? இப்பவே ஒன்று வாங்கி வைக்கவா? – பதுளை

ஏறும். உலகத்தின் மிக நுட்பமான சிப்புகளில் பெரும்பகுதி அந்த ஒரு தீவில்தான் உருவாகிறது. ஆப்பிளும் என்விடியாவும் வரைந்து கொடுக்கும், செய்வது தைவான் கம்பனியான டிஎஸ்எம்சி. சிப்பில் சுற்றுகளைப் பதிக்க அதற்கு வேண்டிய உச்சகட்ட அச்சு இயந்திரத்தைச் செய்வது நெதர்லாந்தில் ஒரே ஒரு கம்பனி, ஏஎஸ்எம்எல். ஆனால் நம் ஊரில் போன் விலை எகிறியதற்குத் தைவான் காரணமில்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. காலையில் எழுதிய விலையை மாலையில் அழித்து எழுதினோம். வாங்கி வைக்காதீர்கள், பெட்டிக்குள் கிடந்தாலும் பேட்டரிக்கு வயது போகும்.

வேலைவெட்டி இல்லாமல் எங்கள் தோட்டத்துப் பொடியன்கள் கடைத்திண்ணையில் புட்டின், ட்ரம்ப் என்று கத்துகிறார்கள். இது தேவையா? – ஹப்புத்தளை

கத்தட்டும் ஐயா. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டெல்லியில் உட்கார்ந்து, நம் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். லயத்தில் யாரையும் கேட்கவில்லை. இன்றும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் ட்ரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்றார். அது 30 ஆகி, ஓகஸ்ட்டில் 20இல் நின்றது. ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் ஓவர்டைம் அதில் தொங்கியது.

ஒரு குறை எனக்கும் உண்டு. கிரிக்கெட் மேட்ச் மாதிரி யார் ஜெயிக்கிறான் என்றே பேசுகிறார்கள். அடுத்த முறை கத்தும்போது ஒன்று கேட்டுப் பாருங்கள்: எந்தக் கப்பல், எந்தக் கேபிள், எந்த ஃபேக்டரி? பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மற்றப் பாதிப் பேரோடு நீங்களும் உட்கார்ந்து பேசலாம்.

அண்ணே, போனின் பின்மூடி எழும்பி நிற்குது. அமுக்கி டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். தொடர்ந்து கேம் ஆடலாமா? – தலவாக்கலை

கூடாது! உள்ளே பேட்டரி ஊதியிருக்கிறது தம்பி. அந்த வெள்ளிப் பை வாயு நிறைந்து தலையணை மாதிரி ஆகியிருக்கும். டேப்பைக் கழற்று, போனை ஓஃப் செய், சார்ஜில் போடாதே. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, தீப்பிடிக்கும். அடுப்படியிலும் மெத்தையிலும் வைக்காமல், பிஸ்கட் தகர டின்னில் போட்டுக் கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை கடை திறந்திருக்கும்.